எண்பத்தைந்து நாள் உத்தியோகம்

தஞ்சை நாட்டில் நடவுக்கும் அறுவடைக்கும் ஆள் அழைப்பது வழக்கம். களத்தில் கூலி அளந்தவுடன் அவ்வுறவு முடிந்துவிடும். அதனை எவரும் உத்தியோகம் என்னார். எழுத்தர் மேசைக்கும் அம்முறை வந்தால் விளைவது யாது? ஆயுள் காப்பீட்டுக் கழக வழக்கை நோக்குவோம்.

1956-இல் தோன்றிய அக்கழகம் 1980-களில் தற்காலிக ஊழியர் பலரைச் சில நாட்களுக்கென அமர்த்தி வந்தது. அத்தகைய பணியால் நிரந்தர உரிமை பிறவாது என்பது 1960-ஆம் ஆண்டுப் பணி விதி. ஆயினும், 1986-இல் நீதிபதி துல்பூலே அளித்த தீர்ப்பின்வழி ஓரளவு வகுக்கப்பட்டது. மூன்றாம் வகுப்பினர் இரண்டாண்டுகளில் 85 நாட்களும், நான்காம் வகுப்பினர் மூன்றாண்டுகளில் 70 நாட்களும் உழைத்திருப்பின் நிரந்தரப் பணிக்கு உரியராவர். எண்பத்துநான்கு நாள் உழைத்தவன் கதி யாதோ!

அத்தீர்ப்பு 1985 மே 20 வரை அமர்த்தப்பட்டோரையே தழுவியது. அதன்பின் 1991 மார்ச் வரை வந்தோர் நெடுங்காலம் வழக்காடினர். 2001-இல் தொழில் தீர்ப்பாயம் அவர்கள் பக்கம் நின்றது. தமிழ்நாட்டு ஊழியர் சங்கத்தின் மேல்முறையீட்டில், 2015 மார்ச் 18 அன்று உச்ச நீதிமன்றமும் அதனையே நிலைநாட்டிற்று. எனினும் வேலை கைகூடவில்லை. 2022 ஏப்ரலில் அந்நீதிமன்றமே, தகுதியுடையோர்க்கு வேலைக்கு ஈடாக ஆண்டொன்றுக்கு ரூ. 50,000 வழங்குமாறு பணித்தது. இருபது வயதில் மேசையருகே அமர்ந்தோர்க்கு அப்போது ஐம்பது கடந்திருந்தது.

பதினோராயிரத்துக்கு மேற்பட்டோரைத் தேர்வின்றிச் சேர்ப்பது பின்வாசல் நுழைவாகும் என்பது நீதிமன்றம் கூறிய காரணம். அதனை எளிதில் மறுக்க இயலவில்லை. முன்வாசலில் விண்ணப்பத்துடன் நிற்கப்போகிறவருள் யானும் ஒருவன். ஆயின் அவர்களைப் பின்வாசலில் நிறுத்தியவர் யார்?