சிறுநீரக மாற்றுக்குப் பின் நீரிழிவும் இருதய நலமும்

1954ஆம் ஆண்டு டிசம்பர் 23ஆம் நாள், அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் டாக்டர் ஜோசப் மர்ரேயும் அவருடைய சகாக்களும் ஒருவரின் சிறுநீரகத்தை எடுத்து அவருடைய இரட்டைச் சகோதரருக்குப் பொருத்தினர். நீடித்த வெற்றி கண்ட முதல் சிறுநீரக மாற்று இதுவே. இருவரும் ஒரே கருவில் தோன்றிய ஒத்த இரட்டையராதலால், வந்த உறுப்பை உடல் அந்நியமாகக் கருதவில்லை. எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்தும் தேவைப்படவில்லை. ஏனையோருக்கு அந்த வாய்ப்பு இல்லை. 1971இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் உயிருடனிருப்பவர் அளித்த சிறுநீரகம் வெற்றியுடன் பொருத்தப்பட்டது. அதன் பின்னர் இச்சிகிச்சை நம் நாட்டின் பல நகரங்களுக்கும் பரவியுள்ளது. அதனைப் பெற்றவர்கள், பொருத்திய உறுப்பு இயங்கும் காலமெல்லாம், அடக்கு மருந்துகளை நாள் தவறாது உட்கொண்டாக வேண்டும்.

உறுப்பைக் காக்கும் இம்மருந்துகளே இரத்தத்தில் சர்க்கரையை உயர்த்தவும் வல்லவை. பிரெட்னிசோலோன் போன்ற ஸ்டீராய்டுகள் கல்லீரல் வெளியிடும் குளுகோஸை மிகுவித்து, தசைகளில் இன்சுலினின் வேலையை மந்தப்படுத்துகின்றன. டாக்ரோலிமஸ் என்னும் மருந்தோ, கணையத்தில் இன்சுலின் சுரக்கும் உயிரணுக்களைத் தளர்த்துகிறது. இவை கூடும்போது, முன்பு நீரிழிவே இல்லாதிருந்தவருக்கும் அது தோன்றலாம். குடும்பத்தில் நீரிழிவு உள்ளவர்க்கும் பருத்த உடலினர்க்கும் இவ்வபாயம் அதிகம். புதிய சிறுநீரகத்திற்கும் இதில் ஒரு பங்கு உண்டு. இன்சுலினைச் சிதைத்து அகற்றுவது சிறுநீரகத்தின் வேலைகளுள் ஒன்று. பழைய உறுப்பு செயலற்றிருந்த நாளில் உடலில் தங்கிய இன்சுலின், புதியது இயங்கத் தொடங்கியதும் விரைவில் கழிந்துவிடுகிறது.

களப்பணியாளர் சிறப்பாகக் கவனிக்க வேண்டியது, சோதனை செய்யும் நேரமாகும். பெரும்பாலோர் ஸ்டீராய்டைக் காலையில் உட்கொள்கின்றனர். அதனால் ஏறும் சர்க்கரை, நண்பகலுக்குப் பின் உச்சத்தை அடைந்து, இரவில் தணிந்து, விடியற்காலையில் ஏறக்குறைய இயல்பு நிலைக்கு வந்துவிடுகிறது. வெறும் வயிற்றில் எடுத்த இரத்தம் 95 மில்லிகிராம் என்று காட்ட, அதே மனிதருக்கு மாலை 4 மணிக்கு 240 இருக்கக்கூடும். காலைச் சோதனை ஒன்றையே நம்பியிருந்தால் நோய் பல மாதங்கள் மறைந்திருக்கும். மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ஹெச்.பி.ஏ.1சி. சோதனையும் தொடக்கத்தில் நம்பத்தக்கதன்று. சோகையாலும், ஏற்றப்பட்ட இரத்தத்தாலும், புதிதாகப் பெருகும் சிவப்பணுக்களாலும் அதன் எண் பிழைபடும். மறுபுறம், முதல் சில வாரங்களில் பெரிய அளவில் அளிக்கப்படும் ஸ்டீராய்டால் பலருக்கும் சர்க்கரை ஏறுவதுண்டு. அதற்கு உடனே சிகிச்சை தேவை. ஆயினும் மருந்தின் அளவு நிலைபெற்ற பின்னரே அதனை நிலையான நீரிழிவு என்று முடிவு செய்கின்றனர்.

இருதயத்தின் நிலை இன்னும் கவலைக்குரியது. சிறுநீரகம் பழுதுற்றிருந்த ஆண்டுகளிலேயே உயர்ந்த இரத்த அழுத்தமும் தமனிகளில் படிந்த சுண்ணாம்பும் அதனை வருத்தியிருக்கும். அதன்மேல் நீரிழிவும் சேர்கிறது. மாற்றுச் சிறுநீரகம் செவ்வனே இயங்கும்போதே இறப்பவர்களிடையே இருதய நோய் முக்கிய காரணங்களுள் ஒன்றாகும். நீரிழிவு உள்ளவருக்கு மாரடைப்பு மார்வலியின்றியும் வரலாம். காரணம் தெரியாத மூச்சிரைப்பையும் வியர்வையையும் அசட்டை செய்யலாகாது. ஐரோப்பாவிலும் கனடாவிலும் மாற்றுச் சிறுநீரகம் பெற்ற 2,102 பேரிடம் நடத்தி 2003இல் வெளியிட்ட ஆய்வில், கொலஸ்டிராலைக் குறைக்கும் ஃப்ளூவாஸ்டாட்டின் என்னும் மருந்து, இருதய மரணத்தையும் உயிர் போகாத மாரடைப்பையும் சேர்த்து ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைத்தது. மொத்த மரணங்களின் தொகை மட்டும் குறையவில்லை. சைக்ளோஸ்போரின் உட்கொள்பவருக்கு இவ்வினத்து மருந்துகள் சில தசைகளைச் சிதைக்கக்கூடுமாதலால், எது, எவ்வளவு என்பதை மருத்துவரே வகுக்க வேண்டும்.

நெடுநாள் பத்தியத்தில் வாடியவருக்குப் பசி திரும்பும்போது வீட்டார் பூரிப்படைவது இயல்பே. ஸ்டீராய்டும் பசியைத் தூண்டும். இனிப்பும் நெய்யும் தாராளமாகப் பரிமாறப்பட, சில மாதங்களில் உடல் பருத்துவிடுகிறது. உறவினர் அதனை ஆரோக்கியம் என்றே கருதுகின்றனர். இதனினும் கொடியது, சர்க்கரைக்கு அஞ்சித் தாமாகவே மருந்தை நிறுத்திவிடுவதாகும். அவ்வாறு செய்தால் சர்க்கரை இறங்கலாம். சிறுநீரகத்தை உடல் நிராகரித்துவிடும். மருந்தளவைக் குறைப்பதோ மாற்றுவதோ, இரத்தத்தில் அதன் அளவை அறிந்து மருத்துவமனையில் செய்யத்தக்க காரியம்.

இத்தகையவரை மருத்துவமனைக்கு அனுப்பும் சீட்டில், சர்க்கரையின் எண்ணோடு, இரத்தம் எடுத்த மணி, கடைசியாக உண்ட நேரம், ஸ்டீராய்டு உட்கொண்ட மணி, இரத்த அழுத்தம், எடை ஆகியவற்றையும் குறித்தனுப்புதல் வேண்டும். மணி குறிக்கப்படாத எண்ணைக் கொண்டு மருத்துவர் அறியக்கூடியது மிகச் சொற்பம்.