143 அடிக்கு 143 விளக்கு: பாபநாசம் அணை மட்டத்தைக் கோரைப் பாயில் காட்டுவது எப்படி?

பாபநாசம் அணையின் முழு மட்டம் 143 அடி. மீட்டருக்கு 144 விளக்குகள் கொண்ட எல்இடி பட்டை கடைகளில் கிடைக்கிறது. அடிக்கு ஒரு விளக்கு என்று வைத்தால் அணை முழுவதும் ஒரு மீட்டருக்குள் அடங்கி, ஒரு விளக்கு மிச்சமாகும். இந்தப் பொருத்தத்தை வைத்தே, ஓவியமோ சிற்பமோ படிக்கும் மாணவர் ஒருவர் தன் முதல் மின்னணுக் கலைப் படைப்பைச் செய்துவிடலாம். பத்தமடைப் பாயின் பின்னால் விளக்குப் பட்டை, முன்னால் ஒரு திருகு குமிழ், நடுவே, நிரல் ஏற்றி இயக்கும் சிறு மின்னணுப் பலகையான ஆர்டுயினோ போர்டு. அன்றைய அணை மட்டத்துக்குக் குமிழைத் திருப்பினால், பாயில் அத்தனை அடி வெளிச்சம் ஏறும்.

பொறியியல் படிக்காதவருக்கு இது ஆகுமா என்ற தயக்கம் வேண்டாம். ஆர்டுயினோ 2005இல் இத்தாலியின் இவ்ரேயா நகரில் உள்ள கல்விக்கூடம் ஒன்றில், வடிவமைப்பு படிக்கும் மாணவர்களுக்காகவே உருவானது. அதற்கு அடிப்படையாக இருந்தது, 2003இல் அதே கல்விக்கூடத்தில் எர்னாண்டோ பாராகான் என்ற மாணவர் தன் முதுகலை ஆய்வுக்காகச் செய்த ‘வயரிங்’. அதற்கும் முன்னோடி, கேசி ரியாஸும் பென் ஃப்ரையும் 2001இல் கலைஞர்களுக்காகத் தொடங்கிய ‘ப்ராசஸிங்’ என்ற நிரல்மொழி. வரைபவர்களை மனத்தில் வைத்துச் செய்த கருவி என்பதால், நிரல் எழுதிப் பழகாதவருக்கும் வசப்படும்.

முதலில் ஒரு முடிவு: சென்சார் வேண்டாம்

இந்த யோசனையைக் கேட்டதும் பலருக்கும் ஆற்றிலோ அணையிலோ ஒரு சென்சார் வைக்கத் தோன்றும். அதைத் தவிர்த்துவிடுங்கள். காரையாறில் உள்ள இந்த அணை களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகத்துக்குள் இருக்கிறது. அங்கே அனுமதி இல்லாமல் எந்தக் கருவியையும் வைக்க முடியாது. வலைத்தளத்திலிருந்து எண்ணைத் தானாக எடுக்கும் நிரலும், தளத்தின் அமைப்பு மாறிய அன்றே நின்றுபோகும்.

அணை மட்டம் நாளிதழ்களின் நெல்லைப் பதிப்பில் வருகிறது. கார் பருவ நெல் சாகுபடிக்குத் தண்ணீர் திறப்பார்களா, பிசானப் பருவத்துக்குப் போதுமா என்று இந்த வட்டாரத்தில் தினமும் அதைப் பார்ப்பவர்கள் ஏராளம். அப்படி ஒருவர் படித்துவிட்டுத் தன் கையால் குமிழைத் திருப்புவதுதான் இந்தப் படைப்பின் உயிர். சுற்றும் எளிதாகிறது, செலவும் குறைகிறது, பார்ப்பவருக்கும் அதில் ஒரு பங்கு கிடைக்கிறது.

தேவையான பொருட்கள்

- ஆர்டுயினோ உனோ போர்டு (நகல் போர்டு சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும்), யுஎஸ்பி கேபிள்
- டபிள்யூஎஸ்2812பி வகை எல்இடி பட்டை, 1 மீட்டர், 144 விளக்குகள்
- 5 வோல்ட், 3 ஆம்பியர் அடாப்டர்; அதன் ஒயரில் சேர்க்க 3 ஆம்பியர் ஃபியூஸ்
- குமிழுக்கு 10 கிலோ ஓம் வால்யூம் கண்ட்ரோல் ஒன்று. ‘பி10கே’ என்று அச்சிட்டிருப்பதை வாங்குங்கள். ‘ஏ’ என்று தொடங்குவது ஒலிக் கருவிகளுக்கானது. திருப்பும் அளவுக்குச் சீராக ஏறாது
- 1,000 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர், 470 ஓம் ரெசிஸ்டர்
- பிரெட்போர்டு, ஒயர்கள், சால்டரிங் அயர்ன், மல்டிமீட்டர்
- பத்தமடைப் பாய், மரச் சட்டம், அம்பாசமுத்திரம் சொப்புச் சாமான் ஒன்று

படி 1: பாயைத் தேர்ந்தெடுங்கள்

பாபநாசத்திலிருந்து திருநெல்வேலி போகும் வழியில், சேரன்மகாதேவியைத் தாண்டினால் வருவது பத்தமடை. தாமிரபரணிக் கரையில் விளையும் கோரையைக் கீறி, ஆற்றுத் தண்ணீரில் ஊறவைத்து, உலர்த்தி நெய்யும் பாய் அது. மணமக்கள் பெயரை நெய்து தரும் கல்யாணப் பாய் முதல் மேசை விரிப்பு வரை அங்கே கிடைக்கிறது.

சுமார் 110 செ.மீ. நீளமும் 25 செ.மீ. அகலமும் உள்ள விரிப்பாகக் கேளுங்கள். பெரிய பாயை வாங்கி வெட்டினால் பாவு நூல் பிரிந்துவிடும்; அளவு சொல்லி நெய்து வாங்குவதே நல்லது. வாங்கும்போது கைப்பேசியின் டார்ச்சைப் பாயின் பின்னால் பிடித்துப் பாருங்கள். மிக நெருக்கமாக நெய்த பட்டுப் பாயில் வெளிச்சம் மங்கும். சற்று இடைவெளி உள்ள நெசவில் நன்றாகத் தெரியும். சாயம் ஏற்றாத இயல்பான கோரை நிறம் உகந்தது. மாட்டும்போது கோரை கிடைமட்டமாக ஓடும்படி பாருங்கள். அப்போதுதான் ஒவ்வொரு விளக்கின் வெளிச்சமும் நீர்க்கோடாகப் படியும்.

படி 2: பட்டையை மேசைமேல் சோதியுங்கள்

கணினியில் ஆர்டுயினோ மென்பொருளை நிறுவி, ‘அடாஃப்ரூட் நியோபிக்சல்’ நூலகத்தைச் சேர்த்துக்கொள்ளுங்கள். அதோடு வரும் ‘ஸ்ட்ராண்ட் டெஸ்ட்’ எடுத்துக்காட்டில் விளக்கு எண்ணிக்கையை 144 என்றும், பிரகாசத்தை 50 என்றும் மாற்றிவிட்டு, அடுத்த படியில் சொன்னபடி ஒயர்களை இணைத்து ஏற்றுங்கள்.

பிரகாசத்தைக் குறைக்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. இந்த விளக்கு ஒன்று முழு வெள்ளையில் எரிந்தால் சுமார் 60 மில்லி ஆம்பியர் இழுக்கும். 144 விளக்குக்கு அது எட்டரை ஆம்பியரைத் தாண்டும். பிரகாசத்தின் உச்ச எண் 255. அதை 50இல் நிறுத்தி ஒரே நிறத்தில் எரித்தால், மொத்தம் ஒரு ஆம்பியருக்குள் முடிந்துவிடும். கோரை என்பது காய்ந்த புல். விளக்குச் சூடேறாமல் பார்ப்பது இங்கே அழகுக்காக மட்டும் அல்ல, பாதுகாப்புக்காகவும்தான். பட்டையைச் சுருட்டி வைத்தபடி எரியவிடவும் வேண்டாம்.

படி 3: ஒயர்களை இணையுங்கள்

1. அடாப்டரின் பாசிட்டிவ் ஒயரை ஃபியூஸ் வழியாகப் பட்டையின் 5 வோல்ட் முனைக்குக் கொண்டுபோங்கள். நெகட்டிவை கிரவுண்டுக்கு. பட்டைக்கான மின்சாரத்தை ஆர்டுயினோவிலிருந்து எடுக்கக் கூடாது.
2. அந்த இரு முனைகளுக்கும் குறுக்கே கெப்பாசிட்டரை வையுங்கள். அதன் உடலில் கோடு போட்ட பக்கம் கிரவுண்டு. மாற்றி வைத்தால் வெடிக்கக்கூடும்.
3. ஆர்டுயினோவின் 6ஆம் பின்னிலிருந்து 470 ஓம் ரெசிஸ்டர் வழியாகப் பட்டையின் டேட்டா முனைக்கு ஓர் ஒயர். பட்டையில் அம்புக்குறி இருக்கும். அம்பு தொடங்கும் பக்கமே உள்ளீடு. அது சட்டத்தில் கீழே வரவேண்டும்.
4. ஆர்டுயினோவின் கிரவுண்டையும் அடாப்டரின் கிரவுண்டையும் ஒன்றாகச் சேருங்கள்.
5. வால்யூம் கண்ட்ரோலின் இரு ஓரக் கால்களை போர்டின் 5 வோல்ட்டுக்கும் கிரவுண்டுக்கும், நடுக் காலை ஏ0 பின்னுக்கும் இணையுங்கள்.

நிரல் ஏற்றும்போது போர்டுக்கு யுஎஸ்பி மின்சாரம் போதும். அந்த நேரத்தில் அடாப்டரின் 5 வோல்ட்டை போர்டின் 5 வோல்ட் பின்னில் சேர்க்க வேண்டாம். எல்லாம் முடிந்து யுஎஸ்பியைக் கழற்றிய பிறகே சேர்க்க வேண்டும். பிரெட்போர்டில் ஒருநாள் முழுக்க ஓடவிட்டுப் பார்த்துவிட்டுப் பற்றவையுங்கள்.

படி 4: நிரலின் தர்க்கம்

நிரலை எழுதும் முன் அது செய்ய வேண்டியதைத் தமிழில் வரிசையாக எழுதிக்கொள்ளுங்கள்:

- குமிழின் அளவை 16 முறை படித்துச் சராசரி எடு. அது 0 முதல் 1,023க்குள் வரும்.
- முந்தைய அளவிலிருந்து நான்குக்கும் குறைவாக மாறியிருந்தால் கண்டுகொள்ளாதே.
- 1,015க்கு மேல் போனால் அதை 1,015 ஆகவே கொள். சில குமிழ்கள் கடைசி வரை எட்டாது.
- 0–1,015 என்ற அளவை 0–143 அடியாக மாற்று.
- இப்போது எரியும் விளக்குகளுக்கும் புதிய அடிக்கும் வித்தியாசம் இருந்தால், நொடிக்கு ஓர் அடி ஏற்று அல்லது இறக்கு.

குமிழ் தரும் எண்ணில் ஏறக்குறைய ஏழு படி சேர்ந்து ஓர் அடி. இரண்டாவது வரி இல்லாவிட்டால், மட்டம் இரண்டு அடிகளுக்கு நடுவே வரும்போது ஒரு விளக்கு துடித்துக்கொண்டே இருக்கும்.

இங்கே ஒரு கணக்குப் பொறி உண்டு. உனோ போர்டில் சாதாரண முழுஎண் மாறி 32,767 வரைதான் தாங்கும். 1,015ஐ 143ஆல் பெருக்கினால் விடை 1,45,145. மாறியின் வகை ‘இன்ட்’ என்றிருந்தால் விடை தாறுமாறாக வரும். ‘லாங்’ என்று வையுங்கள், அல்லது ‘மேப்’ கட்டளையைப் பயன்படுத்துங்கள். அது இதைத் தானே பார்த்துக்கொள்ளும். விளக்குகளின் எண் பூஜ்யத்திலிருந்து தொடங்குவதால், 143ஆவது அடியின் விளக்கு 142 என்பதும் நினைவிருக்கட்டும்.

படி 5: மிச்சமான விளக்குக்கு ஒரு வேலை

உச்சியில் மீந்த 144ஆவது விளக்கை வெட்டிவிட வேண்டாம். குமிழை யாரும் 26 மணி நேரமாகத் தொடவில்லை என்றால் அது மட்டும் சிவப்பாக எரியட்டும். ‘மில்லிஸ்’ கட்டளை போர்டு தொடங்கியதிலிருந்து கழிந்த நேரத்தை மில்லி நொடியில் சொல்லும். சுமார் 50 நாளில் அது பூஜ்யத்துக்குத் திரும்பும் என்பதால், நேர மாறிகளை ‘அன்சைன்டு லாங்’ வகையில் வைத்து, இப்போதைய நேரத்திலிருந்து கடைசியாகத் தொட்ட நேரத்தைக் கழியுங்கள், பிழை வராது. மட்டம் மாறாத நாளிலும் குமிழைச் சற்று அசைத்துப் பழைய இடத்தில் வைக்க வேண்டும். இன்று யாரும் பார்க்கவில்லை என்பதும் ஒரு செய்திதான்.

படி 6: குமிழும் நிறமும்

வால்யூம் கண்ட்ரோல் சுமார் 300 பாகைதான் சுற்றும். ஓர் அடிக்கு இரண்டு பாகை. சின்னக் குமிழில் அவ்வளவு நுட்பமாகத் திருப்ப வராது. அம்பாசமுத்திரத்தில் கடைசல் பிடித்து அரக்குப் பூசிச் செய்யும் சொப்புச் சாமானில் அகலமான மூடி அல்லது தட்டு ஒன்றை எடுத்து, நடுவில் 6 மி.மீ. துளையிட்டுத் தண்டில் பொருத்துங்கள். விட்டம் கூடினால் கைக்கு நிதானம் வரும். சுற்றிலும் பத்து அடிக்கு ஒரு கோடு போட்ட காகித வளையத்தை ஒட்டுங்கள். குமிழைத் திருப்பிய சில நொடிகளுக்கு, ஒவ்வொரு பத்தாவது விளக்கும் வேறு நிறத்தில் எரியும்படி நிரலில் சேர்த்தால் எண்ணுவது சுலபம்.

மற்றபடி ஒரே நிறம் போதும். வானவில் வேடிக்கை காட்டத் தூண்டும் பட்டை இது. ஆசைப்பட்டால் பாய் மறைந்து விளம்பரப் பலகைதான் தெரியும். கோரையின் பொன்னிறத்தோடு சேரும் நிறத்தை, பாயைப் பட்டைமேல் வைத்தே தேர்ந்தெடுங்கள்.

படி 7: சட்டத்தில் பொருத்துங்கள்

ஐந்து செ.மீ. ஆழமுள்ள மரப்பெட்டி போதும். பட்டைக்கும் பாய்க்கும் ஒரு செ.மீ. இடைவெளி விட்டால் அடிக்கோடுகள் தனித்தனியாகத் தெரியும், மூன்று செ.மீ. விட்டால் ஒன்றோடொன்று கலந்துவிடும். பின்பலகையின் மேலும் கீழும் காற்றுத் துளைகள் இடுங்கள். மழைக்காலத்தில் பாய் பூஞ்சை பிடிக்காமல் இருக்கவும் அவை உதவும். பாயை ஒட்டாமல், கழற்றக்கூடிய மரச் சட்டங்களால் பிடித்து வையுங்கள். இடி மின்னல் நேரத்தில் அடாப்டரைக் கழற்றிவிடுங்கள்.

எரியவில்லை என்றால்

- ஒரு விளக்கும் எரியாவிட்டால்: அம்புத் திசையையும் பொதுக் கிரவுண்டையும் பாருங்கள்.
- முதல் சில விளக்குகள் மட்டும் எரிந்தால்: அணைந்த முதல் விளக்கோ அதற்கு முந்தையதோ பழுது, அல்லது நிரலில் எண்ணிக்கை தவறு.
- நிறம் கன்னாபின்னாவென்று மாறினால்: டேட்டா ஒயரைக் குட்டையாக்குங்கள்.
- குமிழை வலப்பக்கம் திருப்ப மட்டம் இறங்கினால்: ஓரக் கால்களின் ஒயரை இடம் மாற்றுங்கள்.

காட்சிக்கு வைக்கும் முன்

அருகில் வைக்கும் விளக்க அட்டையில் இரண்டு விஷயங்களை எழுதுங்கள். ஒன்று, இது உயரத்தைக் காட்டுகிறது, நீரின் அளவை அல்ல. அணையில் நீர் தேங்கும் பரப்பு மேலே போகப் போக அகலமாவதால், மேலுள்ள ஓர் அடியில் நிற்கும் தண்ணீர் கீழுள்ள ஓர் அடியில் நிற்பதைவிட மிக அதிகம். பாதி விளக்கு எரிந்தால் பாதித் தண்ணீர் இருக்கிறது என்று யாரும் எண்ணிவிடக் கூடாது. இரண்டு, இது வெள்ள எச்சரிக்கைக் கருவி அல்ல. 2023 டிசம்பர் வெள்ளத்தைப் பார்த்த மாவட்டம் இது. எச்சரிக்கைக்கு அரசு அறிவிப்பையே கவனிக்க வேண்டும்.

இது கைவந்த பிறகு மணிமுத்தாறுக்கு 118 விளக்கில் இன்னொன்று செய்து பக்கத்தில் மாட்டலாம். கோடைமேலழகியான் முதல் ஸ்ரீவைகுண்டம் வரை தாமிரபரணியின் எட்டு அணைக்கட்டுகளை எட்டுத் தனி விளக்குகளாக ஒரு நீள் பாயில் அமைப்பது அடுத்த ஆண்டுத் திட்டமாகட்டும்.

கல்லூரிக் கண்காட்சி முடிந்ததும் படைப்பை வீட்டுப் பரணில் போடாதீர்கள். நூலகத்திலோ, தேநீர்க் கடையிலோ, விவசாயிகள் கூடும் இடத்திலோ மாட்டக் கேளுங்கள். பெட்டியின் பின்பக்கத்தில் ஒயர் வரைபடத்தையும் நிரலின் தர்க்கத்தையும் தமிழில் எழுதி ஒட்டிவிடுங்கள். ஊரில் உள்ள எலக்ட்ரீஷியன் ஒருவர் உங்களைத் தேடாமலே சரிசெய்ய முடிந்தால்தான் வேலை முடிந்ததாகப் பொருள்.