வலைக்குள் நின்று பாருங்கள்

நிழல்வலை வெயிலை மறைக்கும். உள்ளே சேர்ந்துவிட்ட சூட்டை வெளியே தள்ளுவது அதன் வேலையில்லை. பங்குனியில் குழித்தட்டில் தக்காளி, மிளகாய் நாற்று விடுகிறவர்களில் பலர் இதைக் கவனிப்பதில்லை. நாற்று வாடினால் மேலே இன்னொரு வலையைப் போடுகிறார்கள். எங்கள் ஒட்டன்சத்திரம் பக்கத்தில் ஒவ்வொரு கோடையிலும் நான் பார்ப்பது இது. பக்கத்துத் தோட்டத்துத் தம்பியும் அப்படித்தான் கேட்டான்: “அண்ணா, வலை போட்டும் நாத்து கருகுதே?”

“மத்தியானம் உள்ள போய்ப் பத்து நிமிசம் குனிஞ்சு நின்னு பாரு” என்றேன்.

குனிந்து நிற்பதுதான் முக்கியம். நம் தலை இருக்கும் உயரத்தில் நாற்று இல்லை. ஆளுயரத்துக்குத் தாழ்வாகக் கட்டிய வலை, நான்கு பக்கமும் பூச்சி வலை, தரையில் கறுப்புத் தட்டு என்று இருந்தால், வெளியே 36 டிகிரி அடிக்கும்போது உள்ளே 40ஐத் தாண்டிவிடும். தக்காளி விதை நன்றாக முளைப்பது 25 முதல் 30 டிகிரிக்குள். 35க்கு மேல் போனால் முளைப்பு குறையும், முளைத்ததும் நோஞ்சானாக வரும். ஒரு சாதாரண வெப்பமானியை வாங்கித் தட்டை ஒட்டி, வெயில் நேராகப் படாத இடத்தில் தொங்கவிடுங்கள். உரக்கடையில் தரும் பாதி மருந்தைவிட அது பயன்படும்.

முளைக்கும் வரை தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிப் பாலித்தீன் தாளால் மூடுகிறோமே, மாசிவரை அது சரி. பங்குனியில் அந்த அடுக்கை வெயில் எட்டாத கொட்டகைக்குள்தான் வைக்க வேண்டும். வலைக்கடியில் வைத்தால் தாளுக்குள் விதை வெந்துவிடும். நாலாம் நாளிலிருந்து காலையும் மாலையும் தாளைத் தூக்கிப் பாருங்கள். ஒரு தட்டில் முளை தெரிந்தாலும் அடுக்கைப் பிரித்துவிட வேண்டும். ஒரு நாள் தாமதித்தால் தண்டு நூலாக நீண்டு சாயும்.

வலையில் 50 சதவீத நிழல் போதும். 75 சதவீதமோ இரட்டை வலையோ போட்டால் நாற்று பார்க்கப் பச்சையாக, உயரமாக இருக்கும். வயலில் நட்ட மறுநாளே படுத்துவிடும். பக்கவாட்டு வலையைச் சுருட்டிவிட்டால் சூடு இறங்கும் என்பது உண்மைதான். ஆனால் தக்காளிக்கும் மிளகாய்க்கும் வெள்ளை ஈ வந்தால் இலைச்சுருட்டு வைரஸும் கூடவே வரும். அதனால் அந்த இரண்டுக்கும் பூச்சி வலையை நான் திறப்பதில்லை. சுரைக்கும் பீர்க்குக்கும் திறந்துவிடுவேன். மேற்குப் பக்கம் மட்டும் தென்னங்கீற்றுத் தட்டி சாத்துகிறேன். மூன்று மணி வெயில் சாய்வாக வலைக்கு அடியில் நுழைந்து ஓரத் தட்டுகளைத்தான் முதலில் காய வைக்கும்.

தண்ணீர் விஷயத்தில் ஒரு சின்ன சங்கதி. வெயிலில் கிடந்த ஓஸ் பைப்பில் நிற்கும் தண்ணீர் கையைச் சுடும். அதை முதலில் தென்னை மரத்துக்குப் பக்கத்தில் தரையில் ஓடவிட்டு, குளிர்ந்த பிறகே நாற்றுப் பக்கம் திருப்புங்கள். காலை ஏழு மணிக்குள் நன்றாக ஒரு தண்ணீர், பிற்பகலில் தேவைப்பட்டால் பூவாளியால் லேசாக. இருட்டுகிற நேரத்தில் ஊற்றினால் இரவெல்லாம் ஈரம் நிற்கும், நாற்றழுகல் வரும்.

உச்சிவெயிலில் இலை தொங்குவதைப் பார்த்ததும் ஓடிப்போய்த் தண்ணீர் ஊற்றக்கூடாது. தட்டைத் தூக்கிப் பாருங்கள். கனமாக இருந்தால் வேரில் ஈரம் இருக்கிறது, மாலையில் இலை தானே நிமிரும். லேசாக இருந்தால்தான் தண்ணீர். காலையிலேயே தொங்கினால் கோளாறு வேரில். நாற்றைப் பிடுங்கிப் பார்த்துவிட வேண்டியதுதான். தரையில் தண்ணீர் தெளித்துக் குளிர்விப்பதும் காற்று ஓடும் வலைக்குத்தான் பொருந்தும். அடைந்த வலையில் தெளித்தால் புழுக்கமும் பூஞ்சணமும்தான் மிச்சம்.

நடுவதற்கு முந்தைய ஒரு வாரம் காலை பத்து மணிவரையும் மாலை நான்குக்குப் பிறகும் நாற்றை நேர்வெயிலில் விடுகிறேன். பூச்சி வலை மட்டும் அப்படியே இருக்கும், மேலே உள்ள நிழல்வலையைத்தான் ஒதுக்குவேன். தண்ணீரையும் கொஞ்சம் குறைப்பேன். தண்டு தடித்து, இலை சற்றுக் கரும்பச்சையானால் நாற்று தயார். நடவு மாலையில்தான்.

புதிதாக நாற்றங்கால் போடுகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். கடையில் விலை உயர்ந்த வலைக்குக் கொடுக்கிற காசைத் தூணுக்குக் கொடுங்கள். கூரை வலை பத்தடிக்கு மேல் இருக்கட்டும். உயரம் கூடினால் சூடு மேலே ஏறிப் போய்விடும், நாற்று கீழே பிழைத்துக்கொள்ளும்.