முதற் பணி

நோய் தீர்வதற்கு வேண்டிய கூறுகள் நான்கு எனத் திருவள்ளுவர் வகுத்துள்ளார். நோயாளி, மருத்துவர், மருந்து என்னும் மூன்றோடு, அருகிலிருந்து பணி புரிபவரையும் அவர் ஒரு கூறாக எண்ணினார். அந்நான்காம் கூறாக விளங்குவோரே செவிலியர். மருத்துவர் நோயாளியைப் பார்த்துச் செல்வது சிறிது நேரமே. எஞ்சிய பொழுதெல்லாம் நோயாளியின் உயிர் செவிலியரின் கண்காணிப்பில் உள்ளது.

இத்துணைப் பெரிய பொறுப்பை ஏற்க முன்வருவோர், படிப்பு முடிந்தவுடன் ஓர் இடர்ப்பாட்டைச் சந்திக்கின்றனர். இன்று தமிழ்நாட்டில் செவிலியர் பட்டப் படிப்பு நான்கு ஆண்டுகள் நடைபெறுகிறது. பட்டம் பெற்றோர் செவிலியர் மன்றத்தில் தம் பெயரைப் பதிவு செய்துகொள்ளல் வேண்டும். அரசு மருத்துவமனைகளுக்குரிய செவிலியரை, 2012ஆம் ஆண்டில் அமைக்கப்பெற்ற மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் தேர்ந்தெடுக்கின்றது. தனியார் மருத்துவமனையை நாடினாலோ, “அனுபவம் உண்டா?” என்னும் வினா எழுகின்றது. பணி கிடைத்தாலன்றி அனுபவம் வாராது. அனுபவம் இன்றேல் பணி கிடைப்பது அரிது. இம்முடிச்சை அவிழ்ப்பது எங்ஙனம்? அமெரிக்க நாட்டில் வாழ்ந்த லிண்டா ரிச்சர்ட்ஸ் அம்மையாரின் வரலாறு இதற்கு ஒரு வழி காட்டுகின்றது.

அவர் 1841ஆம் ஆண்டில் நியூயார்க் மாநிலத்தில் பிறந்தார். இளமையிலேயே, காசநோயுற்ற தம் தாயைப் பேணும் கடமை அவருக்கு வாய்த்தது. பின்னர், அவர் மணக்கவிருந்த இளைஞர் உள்நாட்டுப் போரில் காயமுற்றுத் திரும்பினார். அவருக்கும் அம்மையாரே பணிவிடை செய்தார். எனினும் 1869இல் அவ்விளைஞர் உயிர் துறந்தார். துயரத்தில் ஆழ்ந்துவிடாமல், அம்மையார் பாஸ்டன் நகரை அடைந்து ஒரு மருத்துவமனையில் உதவியாளராகச் சேர்ந்தார். ஆங்கே வேலை மிகுதியாக இருந்தது. கற்பிப்பார் ஒருவரும் இலர். ஆகவே, சில திங்களில் அவர் அவ்விடத்தை விட்டு நீங்கினார்.

1872இல் அந்நகரிலேயே, பெண்களுக்கும் குழந்தைகளுக்குமான நியூ இங்கிலாந்து மருத்துவமனை ஓராண்டுச் செவிலியர் பயிற்சியைத் தொடங்கிற்று. அதில் முதல் மாணவியாகச் சேர்ந்தவர் அம்மையாரே. விடியற்காலை ஐந்தரை மணிக்கு எழுந்தால் இரவு ஒன்பது மணி வரை ஓய்வில்லை. அதன் பின்னரும் நோயாளி அழைத்தால் எழுந்து செல்லல் வேண்டும். பாடநூல் இல்லை; தேர்வும் இல்லை. மருந்துப் புட்டிகளின்மேல் எண்கள் மட்டுமே இருந்தன. மருந்தின் பெயரைக்கூட மாணவியர்க்குச் சொல்வதில்லை. ஆதலின் கண்ணால் கண்டும் காதால் கேட்டுமே அவர் கற்றார். 1873இல் சான்றிதழ் பெற்று, அந்நாட்டில் முறையாகப் பயிற்சி பெற்ற முதற் செவிலியர் என்னும் பெருமையை எய்தினார்.

அவ்வாண்டிலேயே நியூயார்க் நகரின் பெல்வியூ மருத்துவமனையில், இரவுக் கண்காணிப்பாளர் பதவி அவருக்குக் கிடைத்தது. அது ஏழைகள் நிறைந்த பெரிய மருத்துவமனை. இரவில் மங்கிய ஒளியே இருந்தது. பலரும் விரும்பாத அவ்விரவுப் பணியை அம்மையார் தயங்காது ஏற்றார்.

இரவில் நிகழ்ந்தவற்றைச் செவிலியர் காலையில் வாயால் கூறுவதே அக்கால வழக்கம். நினைவு தவறினால் செய்தியும் தவறும். காய்ச்சல் எப்பொழுது ஏறியது, மருந்து எப்பொழுது கொடுக்கப்பட்டது என்பவற்றை அறியாவிடில், மருத்துவர் அடுத்து என் செய்வார்? இதனை உணர்ந்த அம்மையார், நோயாளிகளின் நிலையை எழுதி வைக்கலானார். அக்குறிப்பின் பயனைப் பிறரும் உணர்ந்தனர். நாளடைவில் எழுதி வைப்பதே வழக்கமாயிற்று. இன்று நோயாளியின் கட்டிலருகே தொங்கும் குறிப்பேடும், கணினியில் பதியப்பெறும் விவரமும் அத்தகைய கவனத்தின் வழிவந்தவையே.

அடுத்த ஆண்டில் அவர் பாஸ்டன் செவிலியர் பயிற்சிப் பள்ளியின் தலைமையை ஏற்றார். 1886இல் ஜப்பான் சென்று, கியோட்டோ நகரில் செவிலியர் பயிற்சியைத் தொடங்கி வைத்தார். 1930இல் இயற்கை எய்தினார்.

மாணவர்களே! அனுபவம் என்பது ஆண்டுக் கணக்கு மட்டுமன்று. பயிற்சிக் காலத்தில் நோயாளியின் அருகே நின்ற ஒவ்வொரு பொழுதும் அனுபவமே. அதனைக் கருத்தூன்றிக் கண்டவரே, பணி வேண்டி நிற்கும்போது தாம் கற்றதைத் தெளிவாக எடுத்துரைக்க வல்லவராவர். எளிய பணியாயினும் அரிய பணியாயினும், முதலில் கிடைத்ததைச் செவ்வனே செய்வோம். அடுத்த வாயிலை அதுவே திறக்கும்.