நெறிகட்டுதலும் ஈரல் நோயும்

கழுத்திலோ கக்கத்திலோ தொடையிடுக்கிலோ சிறு கட்டி தட்டுப்படின், "நெறிகட்டியிருக்கிறது" என்று நம்மவர் கூறுவர். காலிலே முள் தைத்துப் புண்ணானால் தொடையிடுக்கில் நெறிகட்டுவதை அறியாதார் இலர். ஆயின், நாட்பட்ட ஈரல் நோயுடன் வாழ்வோர்க்கு அச்சிறு கட்டியே பெருங்கவலையாகின்றது. சிலர் அதனைப் புற்றுநோயென அஞ்சி உறக்கமிழப்பர். வேறு சிலர் ஈரல் நோயின் கூறெனக் கருதி வாளாவிருப்பர். இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட நேர்வழி யாதென்பதை ஈண்டு ஆராய்வோம்.

நம் உடலில் ஏறத்தாழ 600 நிணநீர்க் கணுக்கள் உள. இழையங்களில் ஊறும் நிணநீர் இவற்றினூடாக வடிந்தே மீண்டும் குருதியைச் சேர்கின்றது. அந்நீருடன் கிருமிகள் வருமாயின், கணுவிலுள்ள நிணநீர்க்குழியங்கள் பெருகுகின்றன, கணு வீங்குகின்றது, அதன் உறை விரைவில் இழுபடுவதால் நோவு உண்டாகின்றது. ஆகவே, நெறிகட்டுதல் தனியொரு நோயன்று. காவலர் விழித்தெழுந்தமைக்கு அறிகுறியேயாம்.

காவலரே வீட்டாரைத் தாக்குவாராயின் நிகழ்வது யாது? அதுவே தன்னெதிர்ப்பு ஈரல் அழற்சி. சுவீடன் தேசத்து வால்டென்ஸ்ட்ரோம் என்பார் 1950இல் இதனை இளம்பெண்களிடத்துக் கண்டு விவரித்தார். மெல்பேர்ண் நகரத்து இயன் மக்கே 1956இல் இது தன்னுடலையே எதிர்க்கும் நோயென்பதற்குச் சான்று காட்டினார். பிரெட்னிசொலோன் உயிர்காக்கும் என்பதை இலண்டன் வைத்தியர்கள் 1971இல் ஆய்வால் நிறுவினர். பித்தக்கான்களைத் தாக்கும் வகைகளும் உண்டு. இந்நோயாளர் பலரிடத்து ஈரல் வாயிலை அடுத்த கணுக்கள் பருத்திருப்பது ஸ்கான் பரிசோதனையிற் புலனாகும். அவை பெரும்பாலும் தீங்கற்றவை. வயிற்றின் ஆழத்தில் இருப்பதால் விரலுக்குத் தட்டுப்படா. ஆதலின், கழுத்தில் தோன்றும் கட்டிக்கு ஈரல் நோயே காரணமென்று முடிவு கட்டுதல் பொருந்தாது.

வேறு காரணங்கள் யாவை? தொண்டை அழற்சி, சொத்தைப் பல், ஆறாத புண் ஆகியன பொதுவானவை. மலைநாட்டில் உண்ணிகளாற் பரவும் றிக்கற்சியாக் காய்ச்சல்களையும் நினைவிற் கொள்ளல் வேண்டும். தேயிலைத் தோட்டத்திலோ புதர்க்காட்டிலோ நடந்து வந்தபின் காய்ச்சலும் நெறியும் கண்டால், உடலிற் கருகிய கடிவாய் உளதாவெனத் தேடுதல் நன்று. காசநோயோ கழுத்துக் கணுக்களை நோவின்றி மெல்லப் பருக்கச் செய்யும். அதற்குரிய சிகிச்சையை அரசாங்க மார்பு நோய்ச் சிகிச்சை நிலையங்கள் இலவசமாக அளிக்கின்றன.

பிரெட்னிசொலோன், அசதியோபிரின் ஆகிய மருந்துகள் காவலரின் கையைக் கட்டுவன. எனவே, அவற்றை உட்கொள்வோரைக் கிருமிகள் எளிதிற் பற்றும்; காய்ச்சலும் மட்டாகவே வெளிப்படலாம். நெடுங்கால அசதியோபிரின் பாவனையால், அரிதாக, நிணநீர்ப் புற்றும் தோன்றக்கூடும். கட்டி ஒரு சென்ரிமீற்றருக்கு மேற்பட்டு இரண்டு மூன்று வாரங்களிற் குறையாதிருத்தல், கல்லெனக் கடினமாய் அசையாதிருத்தல், காறையெலும்பின் மேல் தோன்றுதல், இரவில் உடை நனைய வியர்த்தல், காரணமின்றி உடல் மெலிதல் ஆகியவற்றுள் ஒன்று காணினும் வைத்தியரை நாடுதல் கடனாகும். காய்ச்சலோ மஞ்சட்காமாலையோ உடன் தோன்றின் அன்றே செல்லல் வேண்டும். கண்டித் தேசிய வைத்தியசாலையும் பேராதனைப் போதனா வைத்தியசாலையும் நமக்கு அண்மையில் உள்ளன. உட்கொள்ளும் மருந்துகளின் பட்டியலைக் கையிற் கொண்டு செல்லல் நலம். வேண்டின், வைத்தியர் கணுவிலிருந்து சிறிது இழையம் எடுத்துச் சோதித்து ஐயந்தீர்ப்பர்.

செய்யத்தகாதன இரண்டு. முதலாவது, கட்டிக்கு அஞ்சித் தாமாகவே மருந்தை நிறுத்துதல். பிரெட்னிசொலோனைத் திடீரென விடின் ஈரல் அழற்சி மீளும். உடல் தளர்ந்து உயிருக்கே ஆபத்தும் நேரலாம். இரண்டாவது, "எதிர்ப்புச் சக்தி"யைப் பெருக்குமெனக் கேட்டுக் கஷாயம் அருந்துதல். சீந்தில் உட்கொண்டோரிடத்துத் தன்னெதிர்ப்பு நோயை ஒத்த ஈரற்கேடு தோன்றியதை மும்பாய் வைத்தியர்கள் 2021இல் வெளியிட்டுள்ளனர். ஏனையோர் எதிர்ப்புச் சக்தியைப் பெருக்க விரும்பலாம். இந்நோயாளர்க்கோ அதுவே பகையாகும்.

நாட்பட்ட நோயுடன் நெடுங்காலம் நல்வாழ்வு வாழ்வோர் நம்மிடையே பலர். அவர்தம் வீட்டாரும் நண்பரும், கட்டி தோன்றிய நாளைக் குறித்துவைத்து, அதனை ஓயாது அழுத்திப் பாராமல், உரிய காலத்தில் வைத்தியரிடம் அழைத்துச் செல்வரேல், அதுவே நம் கல்வியாற் பெற்ற பயனாகும்.