கப்புக் கொட்டில் அமைத்தல்

காலபோக நெல் களத்திற் கிடக்கும் தை, மாசி மாதங்களில் எதிர்பாராது பெய்யும் ஒரு நாள் மழை, நான்கு மாத உழைப்பைக் கெடுத்துவிடும். நனைந்த நெல் முளைக்கும். ஈரமேறிய வெங்காயம் அழுகும். கல்லாற் களஞ்சியம் கட்ட எல்லோருக்கும் வசதியில்லை. ஆயின், நிலத்தில் ஊன்றிய கப்புகளின் மேற் கூரை வேய்ந்த கொட்டிலை எந்தக் கமக்காரரும் அயலவர் துணையுடன் அமைத்துக்கொள்ளலாம்.

இக்கொட்டிலுக்கு அத்திவாரமும் சுவரும் கப்புகளே. கப்பு உளுத்தாற் கூரையும் விழும். கீழுள்ள விளைபொருளும் அழியும். ஆகவே கப்புகளிலேயே உங்கள் முதற் கவனம் செல்லுதல் வேண்டும்.

இடமும் திசையும்

மாரியில் நீர் தேங்காத மேட்டு நிலத்தைத் தெரிவுசெய்க. எமது நாட்டிற் பருவக்காற்றுகள் தென்மேற்கிலும் வடகிழக்கிலும் இருந்து வீசுவன. கொட்டிலின் நீளப்பக்கத்தை அத்திசைகளுக்கு நேராக அமைத்தால், இரு காற்றுகளும் குறுகிய முகப்பிலேயே தாக்கும். மாரி மழை உட்புகாதபடி வடகிழக்கு முகப்பைக் கிடுகினால் அடைத்துவிடுக.

அளவு

சிறிய கமத்திற்கு 24 அடி நீளமும் 12 அடி அகலமும் போதும். நீளப்பக்கம் ஒவ்வொன்றிலும் 8 அடிக்கு ஒன்றாக 4 கப்புகள் வீதம், மொத்தம் 8 கப்புகள் தேவை. முளையடித்துக் கயிறு கட்டியபின் இரு மூலைவிட்டங்களையும் அளந்து பாருங்கள். இரண்டும் 26 அடி 10 அங்குலமாக இருப்பின் மூலைகள் சரியானவை.

கப்பு தெரிதல்

முதிர்ந்து வைரம் பாய்ந்த பனை, பாலை, முதிரை ஆகியன ஏற்றவை. இளம் பனையின் மென்மையான உட்பகுதி விரைவில் உக்கிவிடும். 1951 ஆம் ஆண்டுச் சட்டப்படி பலா, ஈரப்பலா, பெண் பனை ஆகியவற்றைத் தறிப்பதற்கு அனுமதி பெறுதல் வேண்டும் என்பதை மறவாதீர்கள்.

ஊன்றும் முறை

நிலத்திற்கு மேல் 7 அடியும் கீழ் 3 அடியும் இருக்கத்தக்கதாக 10 அடிக் கப்புகளை வெட்டுங்கள். மணற்பாங்கான நிலமாயின் 4 அடி ஆழம் வேண்டும். அதற்கேற்பக் கப்பின் நீளத்தைக் கூட்டுக. இவ்வாழத்தை இயற்கையான தரையிலிருந்தே கணக்கிடுக. நிரப்பிய மண் கப்பைப் பிடித்து நிற்காது.

கப்பு முதலில் உக்குவது அடிநுனியில் அன்று; ஈரமும் காற்றும் ஒருங்கே சேரும் தரைமட்டத்திலேயாம். எனவே நன்கு காய்ந்த கப்பில், தரைக்கு மேல் 1 அடிவரை தார் பூசுக. குழியின் அடியில் தட்டையான கல்லை வைத்து, அதன்மேற் கப்பை நிறுத்துக. மண்ணை 6 அங்குலத்திற்கு ஒரு தடவை இட்டு இறுக இடித்து, கப்பைச் சுற்றி வெளிச்சரிவாக மேடாக்குக. சீமெந்துக் கலவை இடுவோரும் அவ்வாறே சரிவாக முடித்தல் வேண்டும். கிண்ணம்போலக் குழிந்திருந்தால் அதில் நீர் தேங்கிக் கப்பை உக்கச் செய்யும்.

காற்றுக்குப் பாதுகாப்பு

1964 மார்கழியிலும் 1978 கார்த்திகையிலும் வீசிய சூறாவளிகள் வடக்கு, கிழக்குப் பகுதிகளிற் பேரழிவை விளைத்தன. பெருங்காற்று கூரையை அமுக்குவதைவிட மேலே தூக்கவே முயலும். ஆதலின், எதிரெதிர்க் கப்புகளைத் தீராந்தியால் இணைத்து, ஒவ்வொரு கப்பின் தலையிலிருந்தும் 2 அடி கீழே தொடங்கி ஒரு சாய்வுக் கட்டையைத் தீராந்தியுடன் பொருத்துக. கைமரங்களை வளையுடனும், வளையைக் கப்புடனும் நாகம் பூசிய கம்பியாற் கட்டுக; கயிறு உக்கிவிடும். கிடுகுக் கூரையின் முகடு தீராந்தியிலிருந்து 6 அடி உயர்ந்திருந்தால் மழைநீர் தங்காது வடியும்.

பயன்படுத்தலும் பராமரிப்பும்

தரையை 1 அடி உயர்த்தி, சுற்றிலும் வாய்க்கால் வெட்டுக. நன்கு உலர்ந்த நெல் மூடைகளை மட்டும், நிலத்திலிருந்து 6 அங்குலம் உயர்ந்த பலகைகளின்மேல் அடுக்குக. வெங்காயப் பிடிகளைக் காற்றோட்டமுள்ள இடத்திற் குறுக்குத் தடிகளில் தொங்கவிடுக. மாதம் ஒரு முறை கப்புகளின் அடியைப் பார்த்து, கறையான் மண்கூடு கண்டால் உடனே அகற்றுக. ஆண்டுதோறும் புரட்டாதியில், மாரி தொடங்குமுன், கட்டுகளையும் கூரையையும் சீர்செய்க.

மேலும் விளக்கம் வேண்டுவோர் தமது பகுதி விவசாயப் போதனாசிரியரைக் கமநல சேவை நிலையத்திற் சந்திக்கலாம்.