பாட்டன் பெயருக்கான கட்டம்

அன்பு மகளுக்கு,

உன் கட்டுரை கிடைத்தது. நன்றாக எழுதியிருக்கிறாய். ஆனால் துரைமாருக்கு வம்சாவளி உண்டு, தோட்டத்து ஆட்களுக்கு அப்படி ஒன்றும் கிடையாது என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதிவிட்டாய். அதைத் தாண்டி என்னால் வாசிக்க முடியவில்லை. மேடைகளில் படித்தவர்களும் இதையே சொல்லக் கேட்டு அலுத்துப்போயிருக்கிறேன். உன் கையாலும் அது எழுதப்பட்டால் எனக்குப் பொறுக்காது.

நீ காட்டிய உதாரணம் மார்த்தினிக் தீவின் தாஷே குடும்பம். 1726 இல் பிரான்சிலிருந்து அங்கே போன காஸ்பார் தாஷேயின் பேத்தி ஜோசபின், 1763 இல் அந்தத் தீவில் பிறந்து, பின்னாளில் நெப்போலியனை மணந்து பேரரசியானாள். அதனால் அவர்களைக் கிளை கிளையாக எழுதி வைத்திருக்கிறார்கள். அந்தத் தீவில் கரும்பு வெட்டிய அடிமைகளுக்கோ 1848 இல் விடுதலை வந்த பிறகுதான் குடும்பப் பெயரே பதிவானது. அவர்கள் விட்ட வேலைக்கு 1853 முதல் புதுச்சேரி, காரைக்கால் பக்கத்திலிருந்து நம்மவர்களைக் கப்பலேற்றினார்கள்.   

இனி நம் சப்ரகமுவ மாகாணத்துக்கு வா. இங்கே எந்தத் துரையின் பரம்பரையைக் காட்டுவாய்? மார்த்தினிக்கில் தோட்ட முதலாளிகள் தலைமுறை தலைமுறையாக அங்கேயே இருந்தார்கள். இங்கே வந்த வெள்ளைக்காரர்களில் பெரும்பாலோர் உழைக்கிற வயதை இங்கே கழித்துவிட்டு ஊர் திரும்பியவர்கள். தோட்டங்கள் லண்டன் கம்பனிகளின் கைக்குப் போனதும் துரையும் சம்பளக்காரர்தான். 1972 இலும் 1975 இலும் காணிச் சீர்திருத்தம் வந்தது, அரசு தோட்டங்களை எடுத்தது, 1992 இல் மறுபடி கம்பனிகளிடம் நிர்வாகம் போனது. துரை பங்களாவில் ஆட்கள் மாறிக்கொண்டே இருந்தார்கள். தொழிலாளர் லயத்துக் காம்பராவில் தாத்தா இருந்தார், அப்பா இருந்தார், நீ இருக்கிறாய். பலாங்கொடையிலும் எட்டியாந்தோட்டையிலும் தோட்டத்துப் பரம்பரை என்று சொன்னால் அது உங்களுடையதுதான்.

அதற்காக, நாம் இங்கே வந்து "இருநூறு வருஷம்" என்று எல்லோரும் சொல்வதை நீயும் ஒப்புவிக்காதே. இலங்கையின் ஹெனரத்கொடைத் தாவரத் தோட்டத்துக்கு ரப்பர் கன்று வந்ததே 1876 இல். கேகாலைப் பக்கத்து ரப்பர் தோட்டங்கள் பெரும்பாலும் 1900க்குப் பிறகு பெருகியவை. அந்த வேலைக்கு வந்த குடும்பத்துக்கு நூற்றுச் சொச்சம் வருஷம்தான் கணக்கு. உன் குடும்பத்துக்கு உன் குடும்பத்துச் சான்றைத் தேடு; ஊர்க்கணக்கைக் கடன் வாங்காதே.

சான்று எங்கே என்பாய். உன் பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தை எடு. தகப்பன், தாய் விபரங்களுக்குக் கீழே பார். பாட்டனார் இலங்கையில் பிறந்தவரானால் அவருடைய முழுப்பெயர், பிறந்த ஆண்டு, பிறந்த இடம் என்று ஒரு கட்டம். தகப்பன் இலங்கையில் பிறக்காமல் பூட்டனார் இங்கே பிறந்திருந்தால் அவருக்கும் ஒரு கட்டம். ஒரு குழந்தை பிறந்ததைப் பதிய நான்கு தலைமுறை எதற்கு? 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் அதைத்தான் கேட்டது. இலங்கையில் பிறந்தவரானாலும் தகப்பனும் இங்கே பிறந்திருக்க வேண்டும். இல்லையென்றால் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்திருக்க வேண்டும். லயத்தில் பிறந்த பிள்ளைகளின் பிறப்பு ஒழுங்காகப் பதியப்படாத காலத்து ஆட்களிடம் போய் இப்படிக் கேட்டார்கள். அடுத்த வருஷத்து இந்திய, பாகிஸ்தானியர் சட்டத்தின் கீழ் எட்டு லட்சத்துக்கு மேற்பட்டோருக்காக விண்ணப்பம் போனது. பிரஜாவுரிமை கிடைத்தது ஏறத்தாழ 134,000 பேருக்கு. மிச்சப் பேரில் பெரும்பாலோரைத்தான் 1964 இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் இரு நாட்டுக்கும் பங்கு பிரித்தார்கள்.

நம்மை நாடற்றவராக்க எழுதிய கேள்விதான் அந்தக் கட்டத்தில் இருக்கிறது. நம் வீட்டுப் பத்திரங்கள் பலவற்றில் அங்கே ஒரு கோடுதான் போட்டிருக்கும். அந்தக் கோட்டைப் பார்த்துவிட்டுத்தான் நமக்குப் பாட்டன் இல்லை என்று முடிவு கட்டுகிறார்கள். அது பதிவாளர் போட்ட கோடு, மகளே. பாட்டன் இல்லாமல் யாரும் பிறந்ததில்லை.

சட்டம் பெரும்பாலும் தகப்பன் வழியையே எண்ணியது. நீ அப்படிச் செய்யாதே. தோட்டத்து வேலைப் பதிவேடான செக்ரோலில் பெண்ணாட்களுக்கும் பேர் பதிந்திருக்கிறார்கள். பழைய புத்தகம் மிஞ்சியிருந்தால் பெரிய கிளாக்கரிடம் பணிவாகக் கேட்டுப் பார். பாட்டன் பெயரைப் பேரனுக்கு வைக்கிற வழக்கம் நம்மிடம் இருப்பதால் ஒரே பெயர் ஒரு தலைமுறை விட்டு ஒரு தலைமுறை திரும்பி வரும். இரண்டு ஆட்களை ஒருவராக்கிவிடாதே. குலதெய்வம் எது, அதன் கோயில் எந்த ஊரில் என்று கேள். ஊரின் பெயர் மறந்துபோன வீடுகளிலும் சாமியின் பெயர் மறக்காமல் இருப்பதைப் பார்த்திருக்கிறேன்.

1977 இலும் 1981 இலும் தமிழருக்கு எதிரான கலவரங்களில் இரத்தினபுரிப் பக்கத்தில் லயங்களை எரித்தபோது தகரப் பெட்டிகளோடு பத்திரங்களும் எரிந்தன. பலர் உடுத்த துணியோடு வவுனியாவுக்குப் போனார்கள். அந்தக் குடும்பங்களுக்கு இப்போது வாய்ச்சொல் மட்டுமே ஆவணம்.

உன் அப்பாயிக்கு வயது எண்பதைத் தாண்டிவிட்டது. கட்டுரையைத் திருத்துவது பிறகு இருக்கட்டும். இந்தச் சித்திரை விடுமுறையில் ஒரு கொப்பியோடு அவர் பக்கத்தில் உட்கார்ந்து, அவருடைய அம்மாவின் பெயரிலிருந்து எழுதத் தொடங்கு.

அன்புடன்,
உன் ஆசிரியர்